ஒரு அடிக்கு 72 பிக்சல்

பொட்டி தட்டுறவனுக்கும் வீடு கட்டுறதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்காதீங்க. போன வருஷம் ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நான் போட்டோஷாப்பும் கையுமாத்தான் இருந்தேன். தங்கச்சி பி.ஆர்க் கடைசி வருஷம். கும்பகோணம் பக்கத்துல எங்களுக்கு 30க்கு 50 அடியில ஒரு மனை இருக்கு. அதுல கட்டப்போற வீட்டுக்கு பிளான் போட்டது அவ. அவ ஆட்டோகேட்ல கோடு கோடா போட்டதை வீட்டுல இருக்கறவங்களுக்குப் புரியுற படமா மாத்துற வேலை மட்டும் என் தலையில விழுந்துச்சு. அந்த அனுபவம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல, எதுக்கு இந்த வேலைன்னு சொல்லிடுறேன். கேட் படம் மேஸ்திரிக்கு. அதுல அளவு சுத்தமா இருக்கும், ஆனா பழகாத கண்ணுக்கு ஒண்ணும் விளங்காது. பிளானைப் பார்த்துட்டு அம்மா சொன்னது: "என்னடா இது, பாதியில விட்ட கோலம் மாதிரி இருக்கு." எது சுவர், எது கட்டில், எது படி, எல்லாமே ஒரே மாதிரி கருப்புக் கோடு. அந்த வீட்டுல தினமும் புழங்கப்போறது அம்மாதான். அவங்களுக்கே புரியாத படத்துக்கு அவங்க எப்படி சரின்னு சொல்றது?

சுவரைக் கருப்பா அடைச்சு, நடமாடுற இடத்தை வெள்ளையா விட்டாலே பாதி புரிஞ்சிடும். இது பழைய வித்தை. 1748ல ஜியாம்பட்டிஸ்டா நோல்லி ரோம் நகரத்துக்கு ஒரு வரைபடம் போட்டார், 12 செப்புத் தகட்டுல. அதுல கட்டடமெல்லாம் கருப்பு, தெருவும் சதுக்கமும் வெள்ளை. இதுல விசேஷம் என்னன்னா, சர்ச்சுக்கு உள்ள இருக்குற இடத்தையும் வெள்ளையா விட்டிருப்பார். யாரு வேணா உள்ள போகலாம்ல, அதனால. ஒரு ஊருல மனுஷன் எங்கெல்லாம் கால் வைக்கலாம்னு பார்த்த உடனே தெரிஞ்சிடும்.

போட்டோஷாப் லேயரும் அப்படித்தான். நோல் சகோதரர்கள் எழுதின அந்த மென்பொருளை அடோபி 1990ல வெளியிட்டாங்க, லேயர் வந்தது 1994ல, 3.0ல. ஆனா அதுக்கு இருநூறு வருஷம் முன்னாடியே இங்கிலாந்துல ஹம்ப்ரி ரெப்டன்னு ஒரு தோட்டக்கலைஞர் இதே வேலையைக் காகிதத்துல பண்ணியிருக்கார். வாட்டர்கலர் படத்து மேல இன்னொரு துண்டுக் காகிதம் மடிச்சு ஒட்டியிருக்கும். மேல இருக்கறது இப்போ இருக்கிற தோட்டம். அதைத் தூக்கினா இனிமே வரப்போற தோட்டம். லேயர் ஆன், லேயர் ஆஃப். சிவப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகங்களைக் காட்டித்தான் ஜமீன்தார்கள்கிட்ட வேலை வாங்கியிருக்கார் மனுஷன்.

சரி, நம்ம மேட்டருக்கு வருவோம்.

கேட்ல இருந்து பிடிஎஃப் எடுக்கும்போது மொத்தமா ஒண்ணா எடுக்காதீங்க. சுவர் தனி, கதவு ஜன்னல் தனி, கட்டில் நாற்காலி தனி, அளவுகள் தனி, ஆனா எல்லாமே ஒரே பேப்பர் சைஸ்ல. போட்டோஷாப்ல திறந்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா சரியா உக்காரும். கோடு இருக்குற லேயரை மேல வச்சு மல்டிப்ளை போட்டா வெள்ளை மறைஞ்சு கோடு மட்டும் நிக்கும். அதைப் பூட்டு போட்டு வச்சிடுங்க. கீழ எவ்வளவு கலர் அடிச்சாலும் கோடு கெடாது.

ரூமுக்கு ரூம் கலர் ஊத்தும்போது ஒரு தொல்லை. மேஜிக் வாண்டை வச்சு ஹாலைத் தொட்டா, கதவு இடைவெளி வழியா வழிஞ்சு சமையக்கட்டு, பெட்ரூம், கொல்லைன்னு வீடு முழுக்க செலக்ட் ஆயிடும். வாசல்ல எல்லாம் குறுக்க கோடு போட்டு தனியா ஒரு லேயர் வச்சுக்கிட்டேன், பேரு "அணை". கலர் அடிச்சதும் அணையை மறைச்சிடலாம்.

நம்ம தொழில் பழக்கம் இங்க நல்லாவே கைகொடுக்கும். கோடை டெலிட் பண்ணாம கமெண்ட் போட்டு வைப்போம்ல, அதே மாதிரி ரப்பரைத் தொடாம லேயர் மாஸ்க் போட்டு மறைக்கலாம். கேட் படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டா வச்சா, தங்கச்சி ராத்திரி பதினோரு மணிக்கு சுவரை நகர்த்தினாலும் ஃபைலை மாத்தினா போதும். லேயருக்குப் பேர் வைக்கிறதும் வேரியபிளுக்குப் பேர் வைக்கிறதும் ஒரே ஒழுக்கம்தான். "லேயர் 47 காப்பி 3"ல என்ன இருக்குன்னு கடவுளுக்குக்கூடத் தெரியாது.

காலேஜுக்கு ஏ1 ஷீட்னா உஷார். 300 டிபிஐல அது 7016க்கு 9933, கிட்டத்தட்ட 7 கோடி பிக்சல். ஒரு முழு லேயரே 200 எம்பி தின்னும். பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். தள்ளி நின்னு பார்க்கிற ஷீட்டுக்கு 150 போதும், கால்வாசிதான் ஆகும். போட்டோஷாப் சந்தா கட்ட மனசில்லாதவங்களுக்கு கிம்ப் இருக்கு. 2025ல வந்த 3.0ல ஃபில்டரை அப்புறமாவும் மாத்திக்கிற வசதி சேர்ந்திருக்கு.

இப்போ தலைப்புக்கு வர்றேன். எங்க பிளானை ஏ3 பேப்பர்ல 1:50 அளவுல, 300 டிபிஐல வச்சிருந்தேன். ஒரு அடின்னா 12 இஞ்ச். 50ஆல வகுத்தா 0.24 இஞ்ச். 300ஆல பெருக்கினா 72. கரெக்டா 72 பிக்சல்! அப்போ ஒரு இஞ்சுக்கு 6 பிக்சல். 9 இஞ்ச் சுவர் 54. பின்னமே இல்லாம கணக்கு வந்ததுல எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த சந்தோஷத்துலதான் அடுத்த வேலையைப் பண்ணினேன்.

எங்க பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சதுல இருந்து வீல்சேர்தான். அதை டேப் வச்சு அளந்தேன். அகலம் 26 இஞ்ச், நீளம் 42. அதாவது 156க்கு 252 பிக்சல். மேல இருந்து பார்த்த மாதிரி ஒரு சேர் வரைஞ்சு, தனி லேயரா வச்சு, "பாட்டி"ன்னு பேர் போட்டேன். ஹால்ல இருந்து மெதுவா நகர்த்திக்கிட்டே போனேன். பெட்ரூம் வரைக்கும் ஜோரா போச்சு. பாத்ரூம் வாசல்ல நின்னுடுச்சு.

நம்ம ஊர்ல பாத்ரூம் கதவுன்னா வழக்கமா இரண்டரை அடி. பிளான்ல 180 பிக்சல், பார்த்தா தாராளம். ஆனா அதுல நிலைச்சட்டம் ரெண்டு பக்கமும் இரண்டரை இஞ்ச் எடுத்துக்கும். மிச்சம் 25 இஞ்ச், 150 பிக்சல். பாட்டி 156. ஆறு பிக்சல், ஒரே ஒரு இஞ்ச், இடிக்குது. சரி, உள்ள போயிட்டதாவே வச்சுக்குவோம். வீல்சேர் திரும்ப 1500 மி.மீ. வட்டம் வேணும், கிட்டத்தட்ட 5 அடி, 360 பிக்சல். பாத்ரூம் அகலமே 4 அடி, 288.

இந்த அளவெல்லாம் கேட் படத்துலயும் இருந்ததுதான். வழக்கமா எல்லாரும் வைக்கிற அளவுதான். ஆனா எண்ணாப் பார்க்கும்போது யாருக்கும் உறைக்கல. பாட்டியோட சேர் வாசல்ல மாட்டிக்கிட்டு நிக்கிறதை ஸ்கிரீன்ல பார்த்ததும் வீடே ஒரு நிமிஷம் அமைதியாயிடுச்சு. தங்கச்சி அன்னைக்கு ராத்திரியே பெட்ரூம்ல இருந்து ஒன்றரை அடி எடுத்து பாத்ரூமை ஐந்தரை அடி ஆக்கினா. கதவை மூன்றரை அடிக்கு மாத்தி வெளிப்பக்கமா திறக்குற மாதிரி வச்சா. சட்டம் போக 37 இஞ்ச். 900 மி.மீ. இருக்கணும்னு சொல்ற வழிகாட்டுதலுக்கு மேலேயே வருது.

அடுத்து வாசப்படி. ரோடு போடும்போதெல்லாம் உசந்துக்கிட்டே போகுதுன்னு பேஸ்மட்டம் 2 அடி வச்சிருந்தாங்க. 1க்கு 12 சரிவுன்னா சாய்தளம் 24 அடி நீளம், நடுவுல நிக்க ஒரு சமதளம் தனி. அதையும் ஒரு லேயரா போட்டுப் பார்த்தா நேரா போர்ட்டிகோவுக்குள்ள போகுது. போர்ட்டிகோ அப்பாவோட ஆசை. எங்ககிட்ட கார் கிடையாது, இனிமே வாங்கினா நிறுத்தன்னு. அம்மா படத்தைப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "வாங்காத காருக்கு இடம் இருக்கு, அத்தைக்கு இடம் இல்லையா?" அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் என்கிட்ட, "அந்த போர்ட்டிகோவை ஆஃப் பண்ணிக் காட்டு"ன்னார்.

பிளான் படத்துல உயரம் தெரியாதுங்கிறதையும் இங்க சொல்லணும். பாத்ரூம் வாசல்ல ஒரு இஞ்ச் மேடு இருந்தாலும் மேல இருந்து பார்த்தா சமமாத்தான் தெரியும். அதுக்கு குறுக்குவெட்டுப் படம் வேணும். அது தங்கச்சி டிபார்ட்மெண்ட்.

நடுவுல ஊர்ல ஒருத்தர்கிட்ட "3டி எலிவேஷன்" வாங்கிட்டு வந்தார் அப்பா. பளபளன்னு இருந்துச்சு. நீல வானம், புல்தரை, ஈச்சமரம், கைகோத்து நடக்குற ஒரு வெள்ளைக்கார ஜோடி, வாசல்ல சிவப்புக் கார். எங்க தெருவுல இருக்குற டிரான்ஸ்பார்மர் இல்ல. பக்கத்து வீட்டு சுவர் இல்ல. மனையில இருக்குற வேப்பமரம் இல்ல. எந்தக் கோடும் பொய்யில்ல, ஆனா மொத்தப் படமும் வேற யாரோட வீடோ மாதிரி இருந்துச்சு. இலங்கையில ஜெஃப்ரி பாவா ஆபீஸ்ல லக்கி சேனநாயக்க வரைஞ்ச படங்களைத் தேடிப் பாருங்க. மரத்தை இலை இலையா வரைஞ்சிருப்பார். நானும் எங்க வேப்பமரத்தை போட்டோ எடுத்து, குடை அகலத்தை அளந்து, அதே அளவுல பிளான்ல வச்சேன்.

நிழலும் அப்படித்தான். டுடோரியல்ல பெரும்பாலும் நிழல் கீழ வலது பக்கம் விழும். வடக்கு மேலன்னா, அது வடமேற்குல இருந்து வர்ற வெயில். கும்பகோணத்துல கோடை சாயங்காலம் மட்டும்தான் அந்த மாதிரி வரும். அழகுக்குப் போடுறதா இருந்தாலும் எந்த மாசம், எத்தனை மணின்னு முடிவு பண்ணிட்டுப் போடுங்க.

கடைசியா ஒண்ணு. கட்டடப் படத்துல அளவு தெரியறதுக்காக ஒரு மனுஷ உருவம் வைக்கிறது வழக்கம். நெட்ல இலவசமா ஆயிரம் கிடைக்கும், எல்லாரும் ஆறடி, எல்லாரும் நடக்குறாங்க. அதை எடுக்காதீங்க. அந்த வீட்டுல யார் இருக்கப்போறாங்களோ அவங்களை அளந்து வைங்க. முட்டி வலிக்கிற அம்மா, தவழுற குழந்தை, வீல்சேர்ல பாட்டி. படம் அழகா வருதோ இல்லையோ, வீடு சரியா வரும்.

பி.கு. 1: "1:50"ன்னு எழுதிட்டு விட்டுடாதீங்க. பிரிண்ட் கடைக்காரர் "ஃபிட் டு பேஜ்" போட்டார்னா கணக்கே போச்சு. படத்துக்குள்ளயே ஒரு அளவுகோல் வரைஞ்சிடுங்க, படத்தோட சேர்ந்து அதுவும் சுருங்கும்.

பி.கு. 2: இந்தப் படத்தை வச்சு யாரும் சுவர் கட்டாதீங்க. மேஸ்திரி கையில அளவு போட்ட கேட் படம்தான் இருக்கணும்.