ஏழு தடவை விழுந்தேன்!

எங்கள் குடும்பத்தில் நகை நட்டு அதிகம் கிடையாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக வரும் சொத்து ஒன்று உண்டு. அதுதான் கடல் பயம்!

பாட்டியின் தம்பி ஒரு மாசி மகத்தன்று சமுத்திர ஸ்நானத்துக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அன்று முதல் பாட்டி என் அம்மாவை அலைக்கு இருபதடி தள்ளியே நிறுத்தினாள். அம்மா என்னை நிறுத்தினாள். போன மாதம் மெரினாவில் நான் என் பெண்ணை நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், குழந்தையின் மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தச் சொத்தை இவளுக்கும் எழுதி வைக்கத்தான் வேண்டுமா?

அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கோவளத்தில் நின்றேன். கேரளத்துக் கோவளம் அல்ல. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறதே, அந்த மீனவர் ஊர். அங்கே பலகைமேல் நின்றபடி துடுப்புப் போடக் கற்றுத் தருகிறார்கள். பலகை பத்தடிக்கு மேல் நீளம். துடுப்போ நம்மைவிட ஒரு சாண் உயரம். ஹவாய்த் தீவுகளின் வைகீகீ கடற்கரையில் 1950-களிலேயே சிலர் இப்படிப் போனதுண்டு; 2000-க்குப் பிறகுதான் உலகமெங்கும் பரவியது.

"இதுல என்னக்கா புதுசு? எங்க தாத்தா கட்டுமரத்துல நின்னுதான் துடுப்புப் போடுவாரு" என்றான் கற்றுக் கொடுக்க வந்த தம்பி. நம் கட்டுமரம்தானே ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று!

துடுப்பை வாங்கியதுமே தப்புப் பண்ணினேன். அதன் தட்டையான முனை ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கிறது. குழம்புக் கரண்டி பிடித்த கை அல்லவா? மொள்ளுவதற்கு வாகாகத் திருப்பிப் பிடித்தேன்.

"அக்கா, சாய்வு முன்பக்கம் பார்க்கணும். இது மொள்றதுக்கு இல்லே!"

மிதவைச் சட்டை மாட்டி, பலகையோடு சேர்ந்த கயிற்றைக் கணுக்காலில் கட்டினான். நுரைத்துப் புரளும் அலைகளைத் தாண்டும் வரை மண்டி போட்டே போனேன். அதற்கப்பால் கடல் சாது மாதிரி மெல்ல ஏறி இறங்கிக் கொண்டிருந்தது.

"பலகைக்கு நடுவுல, காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்க. காலைப் பார்க்காதீங்க, தூரத்துல பாருங்க."

எழுந்தேன். காலைப் பார்த்தேன். விழுந்தேன்!

காதுக்குள் 'கும்'மென்று ஒரு சத்தம். மூக்கிலும் வாயிலும் உப்பு. பாட்டியின் தம்பி நினைவுக்கு வந்தார். மறுகணம் தலை மேலே வந்துவிட்டது. பலகை, கட்டிப் போட்ட கன்றுக்குட்டியைப் போலப் பக்கத்திலேயே ஆடிக் கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருஷமாக எதற்கு நடுங்கினேனோ, அது நடந்து முடிந்துவிட்டது. நான் நனைந்திருந்தேன், அவ்வளவுதான்.

"விழுறப்போ பலகை மேல விழாம, தள்ளி விழுங்க. தலையில இடிச்சிடும்" என்றான் தம்பி.

அப்புறம் ஆறு தடவை விழுந்தேன். எட்டாவது தடவை தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்துக் கொண்டே நின்றேன். இடப்பக்கம் நாலு தள்ளு, வலப்பக்கம் நாலு தள்ளு. பலகை நகர்ந்தது!

எட்டு மணி சுமாருக்குக் காற்று எழும்பியது. "போதும்க்கா, மண்டி போட்டுக்குங்க" என்று தம்பி உடனே கரைக்குத் திருப்பினான். கடலிலேயே வளர்ந்தவன் காற்றுக்கு அடங்கி நடப்பதைப் பார்த்தபோது, பாட்டி பயந்ததும் தப்பில்லை என்று தோன்றியது. ஆனால் அவனுக்கு எப்போது பயப்பட வேண்டும் என்று தெரிந்திருந்தது. எங்களுக்கோ எப்போதும் பயம்!

கரையில் என் பெண் கேட்டாள்: "எத்தனை தடவைம்மா விழுந்தே?"

"ஏழு."

"அவ்வளவுதானா?"

அவளை முழங்கால் ஆழத்துக்கு அழைத்துப் போனேன். இந்தத் தடவை நான் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. அவள்தான் என் சுண்டு விரலைப் பிடித்துக் கொண்டாள்.

சாயங்காலம் அம்மா டெலிபோனில் கூப்பிட்டாள். "கோவளம் போனாயாமே? தண்ணீரில் காலை வைக்கவில்லையே?"

"காலை வைத்து நிற்கத்தான் அம்மா சிரமமாக இருந்தது. தலையை ஏழு தடவை வைத்தேன்!" என்றேன்.