நூலின் எண்ணும் கையின் கூலியும்

நூல் என்னும் சொல் ஏட்டையும் குறிக்கும், இழையையும் குறிக்கும். நன்னூல் யாத்த பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் மதியைக் கதிராகவும் உருவகித்தார். நூற்பாலைகள் சூழ்ந்த உடுமலைப்பேட்டையில் வளர்ந்த எனக்கு, வகுப்பறையில் கேட்ட அவ்வுருவகம் வீட்டுச் செய்தி போலவே தோன்றியது.

இழையின் நுண்மைக்கு ஓர் எண் உண்டு. 840 கெஜ நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டங்கள் தேறுகின்றனவோ அதுவே அந்நூலின் நம்பர். 40ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டு இருந்தால் அதன் நீளம் 33,600 கெஜம். விரித்துக்கொண்டே சென்றால் உடுமலையிலிருந்து பொள்ளாச்சியைத் தொட்டுவிடும்! எண் கூடக் கூட நூல் மெலியும்.

நெசவில் பாவும் ஊடும் குறுக்கிட்டு ஆடையாகின்றன. பின்னலிலோ ஒரே இழை கண்ணிக்குள் கண்ணியாய் வளைந்து துணியாகிறது. 1925இல் எம்.ஜி. குலாம் காதர் திருப்பூரில் தொடங்கிய பின்னலாடைத் தொழில் இன்று உலகறிந்தது. அவ்வியந்திரங்களின் ஓசை எட்டாத ஒரு திண்ணையில், என் அன்னையைப் பெற்ற நன்னி குரோஷா ஊசியால் தொழுகைத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார்.

உச்சியில் சிறு வளையம். சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டினால் வட்டம் விரியும். கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு கீழிறங்கும். மெல்லிய நூலில் ஒரு தொப்பி முடிய மூன்று நாள் ஆகும். கடைசிக் கண்ணியை முடிச்சிட்டு இறுக்காவிடில், இழையைப் பற்றி இழுத்தவுடன் மூன்று நாள் உழைப்பும் அவிழ்ந்துவிடும். உறுதியாக நூற்றதைத் தானே பிரித்துப்போட்ட பெண்ணைத் திருமறையின் ‘நஹ்ல்’ அத்தியாயம் உவமையாகக் காட்டுவதன் பொருளை நான் அத்திண்ணையில்தான் உணர்ந்தேன்.

தொப்பிகளை வாங்கிச் செல்லும் வியாபாரி ஒருமுறை, “தடித்த நூலில் போட்டால் ஒரு நாளில் முடியுமே, கண்ணியை யார் எண்ணப் போகிறார்கள்?” என்றார். “தொழுகிறவர் எண்ணமாட்டார், தம்பி, படைத்தவன் எண்ணுவான்” என்றார் நன்னி. அதன்பின்னும் நுண்ணூலிலேயே பின்னினார். கூலி மட்டும் தடித்த நூலுக்கு உரியதாகவே கிடைத்தது.

நன்னியின் நேர்மையைப் புகழ்வது எளிது. ஆனால் அந்நேர்மையின் செலவை அவரே ஏற்கும்படி விட்டது எவ்வகை அறம்? நூலுக்கு நம்பர் இட்டு விலை வகுத்த வணிகம், அதைப் பின்னிய கைக்கு எந்த எண்ணும் இடவில்லை. இல்லத்தில் இருந்தபடி செய்யும் பெண்களின் வேலை, ‘ஓய்வுநேரப் பொழுதுபோக்கு’ என்னும் பெயரால் மலிவாக்கப்படுகிறது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர், அக்கூலி உழைப்புக்குத் தக்கதா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டாவா?

மாணவச் செல்வங்களே! கைப்பின்னல் பொருளொன்றை வாங்கும்போது பேரம் பேசுமுன் அதன் ஒரு சுற்றிலுள்ள கண்ணிகளையேனும் எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்தபின் விலையைக் குறைக்க நா எழாது.