பெயரில் மட்டும் கரும்பு

ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாக்கள் எல்லோரும் ஏர்போர்ட்டிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "கரும்புத் தோட்டம் எங்கப்பா இருக்கு?" சுகர் லேண்டில் கரும்பு கிடையாது. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில், 59-ஆம் நெடுஞ்சாலையும் ஹைவே 6-ம் சந்திக்கும் சமவெளி இது. 2020 கணக்கெடுப்பின்படி 1,11,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆசிய வம்சாவளி. அஷ்டலட்சுமி கோயிலில் தமிழ்க் குரல் கேட்கும். மளிகைக் கடையில் முருங்கைக்காயும் கிடைக்கும். கரும்பு மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் எங்கிருந்தோ வந்து இறங்குகிறது.

ஆனால் பெயர் பொய்யில்லை. 1843-இல் ஆய்ஸ்டர் கிரீக் ஓடைக் கரையில் கரும்பாலை வைத்தார்கள். பின்னாளில் இம்பீரியல் சுகர் நிறுவனம் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொண்டது அதைத்தான். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வீடு, பள்ளி, கடை எல்லாமே கம்பெனியுடையவை. 1920களோடு இங்கே கரும்புச் சாகுபடி ஓய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து வந்த கச்சாச் சர்க்கரையைத்தான் ஆலை சுத்திகரித்தது. 2003-இல் அதுவும் நின்றது. எலும்புக் கரியில் சர்க்கரைப் பாகை வடிகட்டிய 1925-ஆம் வருடத்துச் செங்கல் கட்டடம் மட்டும் எட்டு மாடி உயரத்துக்கு இன்னும் நிற்கிறது.

அந்தக் கரும்பை வெட்டியவர்கள் யார்? உள்நாட்டுப் போருக்கு முன்பு அடிமைகள். அடிமை முறை ஒழிந்த பிறகு, தோட்ட முதலாளிகளுக்கு அரசு குத்தகைக்கு விட்ட கைதிகள், பெரும்பாலும் கறுப்பர்கள். இங்கே மனித எலும்புகள் புதைந்து கிடக்கின்றன என்று முன்னாள் சிறைக் காவலர் ரெஜினால்ட் மூர் பல வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். 2018-இல் பள்ளிக் கட்டடம் ஒன்றுக்காக மண் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் பதினாலு வயதுச் சிறுவனும் இருந்திருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். எடுத்த இடத்திலேயே அவர்களை மறுபடி அடக்கம் செய்திருக்கிறார்கள். இந்த ஊரில் வீடு வாங்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அங்கே போய் நின்றுவிட்டு வர வேண்டும்.

மார்ச் பிறந்ததும் ஊரில் ஒரே பேச்சுதான்: "புளூபானெட் பூத்தாச்சா?" 1901-இல் டெக்சஸின் மாநிலப் பூவாக அறிவிக்கப்பட்ட ஊதா கலந்த நீலப் பூ. போன வருடம் அந்தச் சமயத்தில் அப்பா வந்திருந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் நாற்பது வருடம் பன்னீர் திராட்சை போட்டவர். சுகர் லேண்டின் புல்வெளிகளைப் பத்து நாள் பார்த்துவிட்டு, "விளையிற மண்ணக் காட்டுடா" என்றார். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் கிளம்பினோம்.

கேட்டி ஊர் போய் ஐ-10 நெடுஞ்சாலையைப் பிடித்து, கொலம்பஸில் 71-க்குத் திரும்பி, ஆஸ்டின் தாண்டி 290-இல் மேற்கே போனால் ஏறக்குறைய நாலு மணி நேரம். பாஸ்ட்ராப் ஊரின் பக்கீஸ் பெட்ரோல் நிலையத்தில் வண்டிக்கு எரிபொருள், நமக்குக் காபி. வழி நெடுக ரோட்டோரத்தில் நீலம். விதை முற்றும்வரை அந்த ஓரங்களில் நெடுஞ்சாலைத் துறை புல் வெட்டுவதில்லை. சாலையோரங்களை அழகாக வைத்திருக்க 1965-இல் நாடு முழுவதற்கும் சட்டம் வரக் காரணமாக இருந்த லேடி பேர்ட் ஜான்சனின் வீடும் இந்த 290-இல், ஸ்டோன்வாலில்தான் இருக்கிறது. எல்லோரும் பிள்ளைகளைப் பூவுக்கு நடுவே உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா குனிந்து ஒரு செடியின் இலையைத் தடவிப் பார்த்தார். "இது பயறு ஜாதி. மண்ணுக்கு நல்லது." சரியாகத்தான் சொன்னார், அவரைக் குடும்பம்தான் அது.

ஜான்சன் சிட்டி வருவதற்குள் நிலம் மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. சுகர் லேண்ட் பக்கத்துக் களிமண் போய்ச் சுண்ணாம்புப் பாறை தலைகாட்டுகிறது. 1846-இல் ஜெர்மானியக் குடியேறிகள் அமைத்த ஊர் ஃப்ரெட்ரிக்ஸ்பர்க். அடுத்த வருடமே கொமான்சிப் பழங்குடியினரோடு அவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அந்த ஊருக்கும் ஸ்டோன்வாலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள், ஒயின் ருசி பார்க்கும் கூடங்கள். இவர்கள் ஊற்றித் தரும் ஒயினுக்கான பழத்தில் பெரும்பகுதி வடக்கே லபக் பக்கத்து மேட்டுச் சமவெளியில் விளைவது. இருந்தாலும் சாலையைப் பார்த்து நிற்கும் கொடிகள் இந்த மண்ணில் வேர் விட்டவைதான். வண்டி ஓட்டியதால் நான் ஒயினைத் தொடவில்லை. அப்பாவும் கிளாஸை எடுக்காமல் நேரே தோட்டத்துக்குள் நடந்தார்.

கம்பத்தில் கல்தூண் நட்டுத் தலைக்கு மேலே பந்தல் போட்டிருக்கும்; நிழலில் நின்று பழம் பறிக்கலாம். இங்கே கொடியை நெஞ்சளவு கம்பியில் வரிசையாகப் படர விட்டிருக்கிறார்கள். மார்ச் கடைசி வாரம் ஆகியும் ஒரு வரிசையில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. முன்கூட்டியே வெட்டினால் சீக்கிரம் துளிர்த்துவிடும். பின்பனி ஒரு ராத்திரி இறங்கினாலும் அத்தனை துளிரும் கருகிவிடும். அதற்குப் பயந்துதான் கவாத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். வெட்டின முனையில் கொடியின் நீர் சொட்டாகத் திரண்டு, கொஞ்ச நேரம் நின்று, விழுந்தது. அப்பா விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். கத்தரியோடு நின்ற மெக்சிகோக்காரர் சிரித்தார். "கவாத்து" என்றார் அப்பா. "போதா" என்றார் அவர். ஸ்பானிஷில் அதற்கு அதுதான் சொல். பிறகு இருவரும் விரல்களால் கணு எண்ணிப் பேசிக்கொண்டார்கள்.

திரும்பி வரும் வழியில் அப்பாவுக்கு நான் சொன்ன கதை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸிரா என்ற பூச்சி வேரின் சாற்றை உறிஞ்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் காட்டுக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் வழி என்று தெரிந்தது. ஆனால் பிரான்சின் சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும் வேர் வேண்டுமே. டெக்சஸின் டெனிசன் ஊரிலிருந்த தாமஸ் வோல்னி மன்சன் இதே மாநிலத்துச் சுண்ணாம்பு மேடுகளின் காட்டுக் கொடிகளைக் காட்டினார். 1888-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருது கொடுத்தது. "நம்ம நாட்டுல டாக்ரிட்ஜ் வேர்ல ஒட்டுக்கட்டுறாங்களே, அது?" என்று கேட்டார் அப்பா. நாசிக் தொடங்கி இந்தியத் திராட்சை விவசாயிகள் வாயில் புழங்கும் அந்தப் பெயர் டாக் ரிட்ஜ். ஆஸ்டினுக்கு வடக்கே பெல் கவுண்டியில் உள்ள ஓர் இடத்தின் பெயர். நான் சொன்னதும் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழியில் பிரென்ஹாம் ஊர் வரும்வரை பேசவில்லை.

பிறகு, சுகர் லேண்டில் திராட்சை வைக்க முடியுமா என்று கேட்டார். கடலோர ஈரக்காற்றில், பூச்சி பரப்பும் பியர்ஸ் நோய் ஐரோப்பியக் கொடிகளைக் கொன்றுவிடும். பிளாங்க் டு புவா, பிளாக் ஸ்பானிஷ் போன்ற சில ரகங்கள் தாங்கும். அந்த வாரமே நர்சரியில் ஒரு பிளாக் ஸ்பானிஷ் கன்று வாங்கி, பின்வேலியோரம் அப்பா கையாலேயே நட்டோம்.

இந்த பிப்ரவரியில் அதற்கு முதல் கவாத்து. போனை வேலிக்கம்பத்தில் சாய்த்து வைத்தேன். அப்பா இருக்கும் கம்பம் ஊரில் அப்போது இரவு எட்டு மணி. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே வந்தார். "அதில்ல, கீழ உள்ளது. ரெண்டு கணு விட்டு வெட்டுடா."