மீஞ்சூரில் கேட்ட சத்தம்

"பையனுக்கு ஸினிமாப் பேய் பிடித்திருக்கிறது. நீதான் எப்படியாவது அதை ஓட்ட வேண்டும்" என்று என் தமக்கை சொல்லியனுப்பியிருந்தாள். பேய் ஓட்டக் கோயிலுக்கு அழைத்துப் போவது நம் தேசத்து வழக்கமல்லவா? ஆகையால், "எந்தக் கோயிலுக்குப் போகலாம், அப்பா?" என்று மருமானைக் கேட்டேன். "மீஞ்சூருக்குப் போகலாம், மாமா!" என்றான்.

எனக்கு ஒரே சந்தோஷம். மீஞ்சூருக்கு வட காஞ்சி என்று ஒரு பெயர் உண்டு. காஞ்சியில் போலவே அங்கும் ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் கோயில் கொண்டிருக்கிறார்கள். பையனுக்குப் பாதிப் பேய் தானாகவே இறங்கிவிட்டது என்று எண்ணிக் கொண்டு, சென்னையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். திருவொற்றியூரைத் தாண்டிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

"'அறம்' படத்தை எழுதி இயக்கிய கோபி நயினாரின் ஊர் அது, மாமா. முன்பெல்லாம் அவரை மீஞ்சூர் கோபி என்றே சொல்வார்கள்" என்றான்.

2017 நவம்பரில் வெளிவந்த அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். குடிநீருக்குத் தவிக்கும் ஒரு குக்கிராமம். மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணற்றில் ஒரு குழந்தை விழுந்துவிடுகிறது. பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விண்ணுக்குப் போகிறது. குழியில் கிடக்கும் குழந்தையை எடுக்கத்தான் வழியில்லை. கலெக்டராக நடித்த நயன்தாராவைத் தவிர வேறு யாருடைய பெயரும் எனக்கு நினைவில்லை. இதை ஒப்புக் கொண்டதுதான் தாமதம், பையன் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டான்.

அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. "காமிராவை ஓடவிட்டு நிறுத்தும் வரையில் எடுப்பது ஒரு ஷாட். சரியாக வரவில்லையென்று அதையே மறுபடி மறுபடி எடுத்தால், ஒவ்வொரு தடவையும் ஒரு டேக். ஓரிடத்தில் ஒரு சமயத்தில் நடப்பதைக் காட்டும் ஷாட்டுகள் சேர்ந்தால் ஒரு ஸீன். இந்தப் புகைபோக்கியையும் உப்பங்கழியையும் வானத்தையும் சேர்த்துக் காட்டினால் தூரக் காட்சி. உங்கள் முகத்திலுள்ள சந்தேகத்தை மட்டும் காட்டினால் அண்மைக் காட்சி!"

மீஞ்சூரில் இறங்கி, இரண்டு ஸந்நிதிகளிலும் தரிசனம் செய்துகொண்டு, கடைத்தெருவில் தேநீர் குடித்தோம். இந்த ஊரின் கதையும் தண்ணீர்க் கதைதான். 1969 முதல் இந்தப் பக்கத்து நிலத்தடி நீரைச் சென்னைப் பட்டணம் இறைத்துக் கொண்டது. அளவுக்கு மீறி இறைத்ததால் நிலத்துக்கடியில் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உப்பாயின. பிறகு 2010-ல், அருகேயுள்ள காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஏற்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நீர் தரும் திறன் கொண்ட அந்த ஆலையும் பட்டணத்தின் தாகத்தைத் தீர்ப்பதற்கே. இந்த மண்ணில் வளர்ந்தவர் தண்ணீரைப் பற்றிப் படம் எடுத்ததில் ஆச்சரியமென்ன?

"கதை என்பது நடந்தது இன்னது என்பது. அதை எந்த வரிசையில் காட்டுவது என்று தீர்மானிப்பது திரைக்கதை. பாத்திரங்கள் பேசுவது வசனம். எழுதியதையெல்லாம் பிறரைக் கொண்டு நடத்தி வைப்பவர் டைரக்டர். ஆனால் குழியின் இருட்டையும் வெளியிலுள்ள வெயிலையும் கண்ணுக்குக் காட்டியவர் ஒளிப்பதிவாளர் ஓம் பிரகாஷ். எடுத்த ஷாட்டுகளை வெட்டி ஒட்டி, நம் நெஞ்சைப் படபடக்கச் செய்தவர் படத்தொகுப்பாளர் ரூபன். இசை ஜிப்ரான். குழி சம்பந்தமான காட்சிகளையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் எடுப்பார்கள். படத்தில் அவை முன்னும் பின்னுமாக வரும். காலையில் கிழிந்திருந்த சட்டை மாலையில் தைத்திருக்கக் கூடாதல்லவா? அதைக் குறித்துக் கொள்ளவும் உதவி டைரக்டர் ஒருவர் உண்டு" என்றான்.

"ஒரு படத்துக்கு இத்தனை பேரா?"

"ஆரம்பத்தில் இல்லை, மாமா. தமிழ்நாட்டின் முதல் மௌனப் படமான 'கீசக வத'த்தை எடுத்த நடராஜ முதலியார் மோட்டார் உதிரிப்பாகம் விற்ற வியாபாரி. புனாவில் ஸ்டுவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் காமிராப் பிடிக்கக் கற்றுக் கொண்டு வந்து, முதலாளி, டைரக்டர், காமிராக்காரர் எல்லாம் தாமேயாக இருந்தார். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' பம்பாயில்தான் தயாராயிற்று. 1934-ல் ஏ. நாராயணன் சென்னையிலேயே பேசும்பட ஸ்டூடியோ அமைத்தார். அங்கே ஒலிப்பதிவு செய்தவர் யார் தெரியுமா? அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன்!"

சுதேசித் தொழில் என்றால் கதரும் தீப்பெட்டியும் மட்டுமே என்று எண்ணியிருந்த எனக்கு இது புதுச் செய்தி. நம் ஜனங்கள் அந்நியரிடம் கற்ற வித்தையை ஒரே தலைமுறையில் தமதாக்கிக் கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு ஸ்திரீயும் முன்னணியில் நின்றிருக்கிறாள்!

ஆனாலும் தமக்கைக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. "அப்பா, 2020 பிப்ரவரி 19-ஆம் தேதி பூந்தமல்லிப் பக்கத்தில் படப்பிடிப்பின்போது கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்து போனார்கள். ஒருவர் உதவி டைரக்டர். மற்ற இருவரும் திரைக்குப் பின்னால் பாடுபட்டவர்கள். உன் தாயார் எதற்குப் பயப்படுகிறாள் என்று தெரிகிறதா?" என்றேன்.

பையன் வெகு நேரம் பேசவில்லை. ஸ்டேஷனுக்குத் திரும்பிய பிறகு, "அந்த மூவருடைய பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா, மாமா?" என்று கேட்டான்.

நான் தலையைக் குனிந்து கொண்டேன்.

"ஆபத்து இருக்கிறதென்பது வாஸ்தவம். அதற்குப் பாதுகாப்புக் கேட்க வேண்டும். தொழிலே வேண்டாமென்பது நியாயமா? நான் நடிகனாக விரும்பவில்லை. ஒலிப்பதிவு கற்க விரும்புகிறேன். 1945-ல் சென்னையில் தொடங்கிய திரைப்படக் கல்வி இன்றும் தரமணியில் நடக்கிறது. கொஞ்சம் கண்ணை மூடிக் கொள்ளுங்கள்."

மூடிக் கொண்டேன். தூரத்தில் சரக்கு ரயிலின் கடகடப்பு. கீரைக்காரியின் பேரம். ஒரு குழந்தையின் அழுகை. குழாயடியில் குடம் நிரம்பும் சத்தம். முதலில் மெலிந்து, நிறைய நிறைய மாறிக் கொண்டே போகும் அந்த ஒலியை இத்தனை வயதுக்கு நான் கவனித்துக் கேட்டதேயில்லை.

"படத்தையும் ஒலியையும் தனித்தனியே பதிவு செய்வார்கள். ஷாட்டின் தொடக்கத்தில் பலகையைத் தட்டுவது ஏன் தெரியுமா? அந்தத் தட்டலை அடையாளமாக வைத்துக்கொண்டுதான் இரண்டையும் பொருத்துவார்கள்" என்றான்.

வீட்டுக்குத் திரும்பியதும் தமக்கை, "பேய் போயிற்றா?" என்று ஆவலுடன் கேட்டாள்.

"இல்லை, அக்கா. அது பேயே இல்லை. ஒரு தொழில்" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். ஆபத்தையும் மறைக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். பிறகு மெதுவாக, "படத்தில் இவன் பெயர் எங்கே வரும்?" என்று கேட்டாள்.

"கடைசியில் வரும். அநேகமாக எல்லோரும் எழுந்து போன பிறகு."

"போகிறவர்கள் போகட்டும். நாம் உட்கார்ந்திருந்து பார்ப்போம்" என்றாள் என் தமக்கை.