ஒரு நீலமும் மூணு பிரைமரும்

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ரிலீஸ், வீட்டுல கல்யாணப் பேச்சு. ரெண்டுக்கும் நடுவுல கிடைச்ச நேரமெல்லாம் ஒரு அடி நீளமுள்ள ஒரு படகுக்குப் போயிட்டு. அந்தக் கதைதான் இன்னிக்கு.

நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா எழுதிப் பிழைக்கிற கூட்டத்துல ஒருத்தன். ஊரு தோவாளை. வார நாள்ல திருவனந்தபுரம் டெக்னோபார்க், சனி ஞாயிறு வீடு. மாடியறையில ஸ்கேல் மாடல் செய்யறது பொழுதுபோக்கு. "இந்த வயசுலயும் பொம்மை செய்யாம்லா"ன்னு அம்மா சொந்தக்காரங்ககிட்ட சொல்லி வருத்தப்படுற அளவுக்கு முத்தின கேசு :-)

முதல்ல செஞ்சது 1:72 அளவுல ஒரு நாட் விமானம். 1965 போர்ல நம்ம விமானப்படை ஓட்டின குட்டி விமானம். ஒட்டி முடிச்சதும், கார் பெயின்ட் கடையில வாங்கின பிரைமரை என்.சி. தின்னர் ஊத்திக் கலக்கி நேரா அடிச்சேன். கொஞ்ச நேரத்துல இறக்கை மெழுகு மாதிரி இளகிட்டு. கிட்ல வர்ற பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். தின்னர்ல இருக்கிற டொலுயீனும் அசிட்டோனும் அதைக் கரைச்சிரும். வேதியியல்ல படிச்சதுதான், பரீட்சையோட மறந்தாச்சு.

தப்பு பிரைமர் மேல இல்ல. அடியில என்ன இருக்குன்னு பாக்காம அடிச்சவன் மேல. பெயின்ட் கலரைப் பாத்து வாங்கலாம், பிரைமரை அப்படி வாங்க முடியாது, அடியில இருக்கிற பொருளைப் பாத்துத்தான் வாங்கணும். பிளாஸ்டிக்னா முதல்ல பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில கழுவணும், அச்சுல இருந்து கழண்டு வர்றதுக்காகத் தடவின எண்ணெய்ப் பசை அதுல ஒட்டியிருக்கும். அப்புறம் பிளாஸ்டிக்குக்குன்னே வர்ற மாடல் பிரைமர். மரம்னா கதை வேற. அது குடிக்கும். சீலர் அடிச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அதோட வாயை அடைச்ச பிறகுதான் பிரைமர். நேரா தண்ணி பெயின்ட் அடிச்சா நார் எழும்பி நிக்கும்.

இதோட நம்ம ஊரு வானிலையும் சேரும். ரெண்டு பருவமழையும் நமக்கு உண்டு. மழைநாள்ல லாக்கர் அடிச்சா, தின்னர் வேகமா ஆவியாகி மேல்பரப்பு குளுந்து, காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு வெள்ளையா பூத்திரும். வெளியில வச்சு அடிக்கலாம்னா ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து. காத்தாலைக்காரனுக்கு அது வரம், எனக்கு வண்டி வண்டியா தூசி.

சரி, படகுக்கு வாரேன்.

என்கூட இன்ஜினியரிங் படிச்சவன் ஒருத்தன், தூத்தூர் பக்கம். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். நாங்க அப்போ மூணாம் வருஷம். மாவட்டம் முழுக்க வாழையும் ரப்பரும் சாஞ்சு, நாள்கணக்கா கரண்டு இல்ல. எங்களுக்கு அது கரண்டு இல்லாத புயல். கரையில இருக்கிறவங்களுக்கு அப்படி இல்ல. ஆழ்கடலுக்குப் போனவங்க நூத்துக்கணக்குல திரும்பல. அவங்க அப்பாவும் திரும்பல. உடம்பும் கிடைக்கல, படகும் கிடைக்கல.

2022ல ஒருநாள் போன் பண்ணினான். "மக்கா, நீ கப்பல் எல்லாம் செய்வேல்லா. அப்பாவுக்க போட்டு ஒண்ணு செஞ்சு தருவியா? அம்மா கேக்கா." கல்லறைன்னு ஒண்ணு இல்லாத வீடு அது. நான் மறுபேச்சு பேசல.

அம்பதடிப் போட்டு. 1:50ல செஞ்சா சரியா ஒரு அடி. படகு கட்டுற அயினி மரத்துலயே துண்டு கேட்டு வாங்கினேன். கையில இருந்தது ஒரு பழைய போட்டோ. அதைப் பாத்து டப்பா அக்ரிலிக்ல நீலம் கலந்தேன். கொஞ்சம் வெள்ளையும் சேத்தேன். அது மாடல்காரங்க விதி: தூரத்துல தெரியற பொருளோட கலர் நடுவுல இருக்கிற காத்தால வெளுத்துத்தான் தெரியும், ஒரு அடி மாடலை நாம கிட்ட வச்சுப் பாக்கோம், அதனால அந்த வெளுப்பை நாமளே பெயின்ட்ல கலந்திரணும். வேக வேகமா முடிக்கிற ஆசையில சீலரையும் விட்டுட்டேன்.

கொண்டு போனேன். அம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. பக்கவாட்டுல நார் எழும்பி நின்னது என் கண்ணுல பட்டுட்டே இருந்துது. அவங்க கண்ணு வேற இடத்துல இருந்துது.

"நல்லாருக்கு மக்களே. ஆனா இது வெளுத்த போட்டாக்கும். அவரு அடிச்ச நீலம் இது இல்ல."

மேல்கரையில தடைக்காலம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரை, 61 நாள். போட்டுகளை யார்டுல ஏத்திப் பழுது பாத்து பெயின்ட் அடிக்கிறது அப்போதான். அந்த வருஷம் அவரும் நின்னு அடிச்சிருக்காரு. சாரம் முழுக்க நீலமா வீட்டுக்கு வந்து நின்னதையும், மண்ணெண்ணெய் போட்டுத் துவைச்சும் போகாததையும் சொன்னாங்க. சொல்லிக்கிட்டே உள்ளே போய் கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு டப்பாவை எடுத்துட்டு வந்தாங்க. மிச்சம் வந்த எனாமல். அஞ்சு வருஷமா யாரும் திறக்கல.

அந்த டப்பாவை பஸ்ல மடியில வச்சுட்டு வந்தேன்.

மூடியைத் திறந்தா மேல தடியா ஆடை கட்டியிருந்துது. ஆடையை வெட்டி எடுத்தா அடியில பெயின்ட் உயிரோட இருந்துது. எங்க தெருவுல வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிற அண்ணாச்சி வந்து பாத்துட்டு, "நைலான் துணியில வடிகட்டி, டர்பன்டைன் ஊத்து. ஆனா டப்பாவுல இருக்கிறபடியே அடிச்சிராத தம்பி"ன்னாரு. கணக்குப் போட்டா அவரு சொன்னது சரி. பிரஷ்ல ஒரு தடவை அடிச்ச எனாமல் 40 மைக்ரான் இருக்குன்னு வச்சா, 1:50ல அது 2 மில்லிமீட்டர் மாதிரி. பலகை இடுக்கு, ஆணித்தலை எல்லாம் அதுல மூழ்கிப் போகும். தண்ணியா கலக்கி, மெல்லிசா, பல தடவை அடிக்கணும்.

பழைய பெயின்ட்டை மரம் தெரிய தேய்ச்சு எடுத்தேன். இந்தத் தடவை சீலர். அப்புறம் பிரைமர். சாம்பல், வெள்ளை, சிவப்பு ஆக்சைடு மூணையும் ஒரு துண்டுப் பலகையில பக்கம் பக்கமா அடிச்சு, மேல அதே நீலத்தை ஓட்டிப் பாத்தேன். மூணுலயும் மூணு நீலம். சாம்பல் மேல மங்கிட்டு. சிவப்பு மேல அழுக்காத் தெரிஞ்சுது. வெள்ளை மேலதான் டப்பா மூடியில ஒழுகிக் காஞ்சிருந்த அதே நீலம். மெல்லிசா அடிக்கிற பெயின்ட் அடியில இருக்கிறதை மறைக்காது, காட்டிக் கொடுத்திரும்.

பிரைமர் நல்லா காயணும், அது முக்கியம். லாக்கர் பிரைமர் மேல எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல லாக்கர் அடிச்சா சுருங்கி எழும்பிரும். வரிசை மாறக்கூடாது. ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு நாள் விட்டேன். மொத்தம் நாலு கோட்டு. வெள்ளை ஒரு சொட்டு கூட கலக்கல. அந்த விதி தூரத்துல இருந்து படகைப் பாக்கிறவனுக்கு. அவங்க அந்த நீலத்தைத் தூரத்துல பாக்கல, சாரத்துல பாத்திருக்காங்க.

அணியத்துல பேரு எழுதற வேலையை மட்டும் நான் செய்யல. நண்பன் வந்து எழுதினான். அவன் கையில பிரஷ் நடுங்கிட்டு. ஒரு எழுத்து கோணல். அழிச்சு எழுதலாமான்னு கேட்டான். வேண்டாம்னு சொன்னேன்.

ரெண்டாவது தடவை கொண்டு போனப்போ அம்மா முதல்ல பாக்கல, மோந்து பாத்தாங்க. எனாமல் வாசம் இன்னும் போகாம இருந்துது. அப்புறம் சேலைத் தலைப்பால ஒரு தடவை துடைச்சு, போட்டோவுக்குக் கீழ வச்சாங்க. கலரைப் பத்தி ஒண்ணும் சொல்லல. "சாப்பிட்டுட்டுப் போ மக்களே"ன்னு மட்டும் சொன்னாங்க.

டப்பாவுல இன்னும் கால்வாசி மிச்சம் இருந்துது. இறுக்க மூடித் திருப்பிக் கொடுத்துட்டு, தலைகீழா கவுத்து வைங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அப்படி வச்சா மூடி வழியா காத்து போகாது. இன்னும் கொஞ்ச வருஷம் கிடக்கும்.