வெறுங் கெசட்

போன கிழமை நான் படிப்பிச்ச பிள்ளை ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். காரணம் ஒரு வயர். கதை கொஞ்சம் நீளம், நேரமிருக்கிறவங்க வாசிங்க. வீட்டில் ஸ்பீக்கர் செட் வைத்திருக்கிறவர்களுக்குப் பிரயோசனமும் படலாம்.

வாப்பா 1986இல் சவூதிக்குப் போனார். தம்மாமில் லொறி ஓட்டினார். அந்தக் காலம் எங்கள் பக்கத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கெசட் வரும், ஞாபகமிருக்கும். றேடியோ கெசட்டை முன்னால் வைத்து, சிவப்பு பட்டனை அமத்தி, மனதில் உள்ளதைப் பேசி, லீவில் ஊருக்கு வாற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். உம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கஷ்டம். அதனால் வாப்பா பேசித்தான் அனுப்புவார்.

வாப்பா 1993இல் மவுத்தானார். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோனபோது படங்களும் கெசட்டுகளும் அதோடு போயின. ராத்தா வீட்டில் ஒன்று தப்பியிருந்தது எங்களுக்கே தெரியாது. இந்த முறை பெருநாளைக்கு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கிடைத்தது. உறையில் வாப்பாட கையெழுத்தில் 1987 என்று இருந்தது.

சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்துற கடை வைத்திருக்கிற தம்பி ஒருவர் பழைய கெசட்டுகளைப் பென்ட்ரைவில் ஏற்றித் தருவார். என்னிடம் கணிதம் படித்தவர்தான். 1,500 ரூபாய் கொடுத்தேன். "ரெண்டு பக்கமும் ஏறிட்டு சேர். ஆனா திருப்பிச் சுத்தக்குள்ள நாடா அறுந்துபோச்சு" என்று சொல்லித்தான் தந்தார். ஆக, இருப்பது அந்தப் பென்ட்ரைவ் மட்டும்தான்.

உம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். ஹோலில் இருக்கிற பெரிய செட்டில் போடுவோம் என்று எல்லோரையும் இருத்தினேன். கொரோனா காலத்து லெப்டொப், அதன் சொந்த ஸ்பீக்கர் எப்பவோ செத்துவிட்டது. அதிலிருந்து செட்டுக்கு ஒரு வயர். போட்டேன். "ஸ்ஸ்ஸ்" என்று நாடா இரைச்சல், அடியில் மெல்லிய உறுமல். வேறொன்றுமில்லை. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல் கூடியது. எங்கோ தூரத்தில் யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருந்தது, அதுவும் என் ஆசையாக இருக்கலாம்.

"என்ன மகன், வாப்பாட சத்தம் கேக்கல்ல?" என்றா உம்மா.

எனக்குப் பதற்றம். ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றினேன், சிவப்பு கறுப்பு வயர்களை மாற்றிப் பூட்டினேன், லெப்டொப்பில் கைக்கு அகப்பட்ட செட்டிங் எல்லாவற்றையும் நோண்டினேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில். எதனால் என்ன மாறியது என்று எனக்கே தெரியாத நிலை. பிறகு அந்தத் தம்பிக்குப் போன் எடுத்தேன். "வெறுங் கெசட்டத் தந்திருக்கீங்க, நாடாவையும் அறுத்துப்போட்டு" என்றேன். "கேட்டுப் பாத்துத்தான் தந்த சேர். வயர ஒருக்கா பாருங்களேன்" என்றார். "நான் உனக்குப் படிப்பிச்சவன், எனக்கு நீ படிப்பிக்காத" என்று சொன்னேன். இந்த வசனத்தை இங்கே எழுதவே கூசுகிறது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி சேர், காசத் திருப்பித் தாறன்" என்றார்.

அடுத்த நாள் மகள் அதே லெப்டொப்பில் ஒரு கஸீதாவைப் போட்டாள். றபான் தெளிவாகக் கேட்கிறது, பின்பாட்டு கேட்கிறது, பாடுகிறவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் போய்விட்டது. "வாப்பா, பாடுறவர் எங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் புத்தி வந்தது. இந்த முறை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். செட்டின் பின்னால் இடது ஸ்பீக்கரையும் வலதையும் மாற்றிப் பூட்டினேன், குறை அப்படியே இருந்தது. டிவிடி பிளேயரை அதன் சொந்த வயரோடு கொடுத்தேன், செட் நன்றாகப் பேசியது, சப்வூபர் முழங்கியது. அப்போ செட்டில் பிழை இல்லை. மிஞ்சியது லெப்டொப், இல்லாவிட்டால் அந்த வயர். மகளின் இயர்போனை லெப்டொப்பில் செருகிப் பென்ட்ரைவைப் போட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று வாப்பா காதுக்குள் வந்தார்.

உடனே கழற்றிவிட்டேன். உம்மாவுக்கு முதல் நான் கேட்பது சரியில்லை என்று பட்டது.

நடந்தது இதுதான். அந்த வயருக்குள் மூன்று வழி இருக்கிறது. இடப்பக்கச் சத்தம் போக ஒன்று, வலப்பக்கச் சத்தம் போக ஒன்று, இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பி வர ஒன்று. அந்தப் பொது வழி அறுந்தால், ஒரு பக்கத்தால் போகிறது மறுபக்கத்தால்தான் திரும்ப வேண்டும். ஆகவே செட்டுக்குக் கிடைப்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். பாடுகிறவரின் குரலை வழமையாக நடுவில், இரண்டு பக்கத்துக்கும் சமனாகத்தான் வைப்பார்கள். சமனானது கழிபட்டுப் போகும். வாப்பாட றேடியோவில் ஒரேயொரு மைக். அவரது குரல் இரண்டு பக்கமும் ஒன்றுதான், எனவே அது கிட்டத்தட்ட முழுக்கக் கழிபட்டது. நாடா இரைச்சல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வேறு, அதனால் மிஞ்சியது. வெறுங் கெசட் மாதிரியே கேட்டதன் இரகசியம் அதுதான். சப்வூபர் இரண்டு பக்கத்தையும் கூட்டி எடுப்பது, அதற்குக் கிடைத்தது பூச்சியம். அந்த உறுமலும் பொது வழி அறுந்ததன் அடையாளம்தான், முதல் நாளே கேட்டும் கவனிக்கவில்லை.

தரம் 8 பிள்ளைகளுக்குத் திசைகொண்ட எண்களை வருசா வருசம் படிப்பிக்கிறவன் நான். ஐந்திலிருந்து ஐந்து போனால் என்ன என்று கேட்டுக் காதையும் திருகியிருக்கிறேன்.

உம்மா அஸர் தொழுதுவிட்டு வந்தா. வேறு வயர் வீட்டில் இல்லை. பழைய வயரின் ஜெக் கழுத்தை இரண்டு விரலால் மெல்ல வளைத்தேன். ஓரிடத்தில் உறுமல் நின்று, ஹோல் நிறைய வாப்பாட குரல் வந்தது. விரலை எடுத்தால் போய்விடும். அறுபது நிமிடக் கெசட், ஒரு பக்கம் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலமும் தரையில் குந்தியபடி பிடித்துக்கொண்டிருந்தேன். கால் மரத்துவிட்டது.

பெரிய விசயம் ஒன்றும் அவர் பேசவில்லை. அங்கே வெயில் என்கிறார். காசு யாரிடம் கொடுத்தனுப்பியது, எவ்வளவு என்கிறார். ராத்தாவைப் பள்ளிக்கூடத்தால் மறிக்க வேண்டாம் என்கிறார். மாரிக்கு முன்னம் குசினிப் பக்கத்து ஓட்டை மாற்றச் சொல்கிறார்.

"மாத்தினதானே, மாத்தினதானே" என்றா உம்மா ஸ்பீக்கரைப் பார்த்து. அந்த வீடே இப்போது இல்லை.

மறுநாள் வயரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தம்பி 1,500 ரூபாயை உறையில் போட்டு எனக்காக எடுத்து வைத்திருந்தார். கடையில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் போகும்வரை காத்திருக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. போனில் ஏசும்போது என் வீட்டில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அவர்கள் நிற்கும்போதே சொன்னேன், பிழை என்னில்தான் தம்பி, மன்னிச்சிக்கங்க என்று.

அவர் ஒன்றும் பேசவில்லை. வயரை வாங்கி ஜெக்கை வெட்டினார். உள்ளே செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. எங்கள் உப்புக் காற்று. புது ஜெக் வைத்து ஈயம் உருக்கிப் பிடித்து, மீற்றரில் மூன்று வழியும் பார்த்தார்.

"250 ரூபா சேர்."

கொடுத்தேன். வாங்கினார். "செட்ட நிப்பாட்டிட்டுச் செருகுங்க" என்றார்.

இரண்டாம் பக்கத்தை இன்னும் போடவில்லை. ராத்தா வெள்ளிக்கிழமை வாறா, அவவும் வரட்டும் என்கிறா உம்மா.