உச்சியிலிருந்து இறங்கும் இலையுதிர்காலம்

ஸ்மோக்கி மலைகளுக்கு இலை பார்க்கக் கிளம்புகிறவர்கள் தேதியைத்தான் விசாரிப்பார்கள். விசாரிக்க வேண்டியது உயரத்தை. வட கரோலினாவும் டென்னசியும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் அந்த மலைத்தொடரில் இலையுதிர்காலம் உச்சியில் தொடங்கி மெல்லக் கீழே இறங்கி வரும். 4,000 அடிக்கு மேலே மஞ்சள் பிர்ச்சும் பீச்சும் அக்டோபர் தொடக்கத்திலேயே நிறம் மாறிவிடும். பள்ளத்தாக்கில் மேப்பிளும் ஓக்கும் ஹிக்கரியும் பழுக்க மாதக் கடைசி ஆகும். நாங்கள் சார்லட்டிலிருந்து புறப்பட்டதும் அந்த மாதக் கடைசியில்தான்.

ஐந்து பேரும் கோவையில் ஒரே விடுதியில் இருந்து படித்தவர்கள். இப்போது எல்லாருக்கும் முதுகுவலி வயது. கூடாரம் அடித்துத் தரையில் படுக்க யாரும் தயாரில்லை. ஆகவே 25 அடி நீள ஆர்.வி. என்னும் வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்; கூடவே ஒரு காரும் வந்தது. ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு கட்டில், பின்னால் ஒரு கட்டில், சாப்பாட்டு மேசையை இறக்கினால் இன்னொன்று. எரிவாயு அடுப்பு, ஃப்ரிட்ஜ், திரும்பினால் முழங்கை இடிக்கும் கழிப்பறை. ஓட்டுவதற்குச் சாதாரண கார் லைசென்ஸ் போதும். நாள் வாடகை தனி, மைலுக்குத் தனி, ஜெனரேட்டர் ஓடும் மணிக்குத் தனி. ஒரு காலன் பெட்ரோலுக்குப் பத்து மைல் ஓடினால் அதிகம். கூட்டிப் பார்த்தால் நல்ல ஹோட்டல் அறையே மலிவு. கணக்குப் பார்க்கிறவர் இதில் ஏறவே கூடாது.

ஆஷ்வில்லைத் தாண்டியதும் மேகி வேலி வழியாகக் குறுக்குப் பாதை உண்டு. சோகோ கணவாயின் இறக்கத்தை நினைத்து அதை விட்டுவிட்டு, டில்ஸ்பரோ வழியாகச் சுற்றி 441ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். சுற்றுவழிதான், ஆனாலும் ஒவ்வொரு இறக்கத்திலும் மதுரைக்காரன் பின்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே வந்தான்: "மச்சான், பிரேக்கையே மிதிச்சுட்டு இருக்காதடா, கியரைக் குறை!"

செரோக்கி ஊரைத் தாண்டிப் பூங்காவுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் ஸ்மோக்மான்ட் முகாம் வந்துவிடும். உயரம் ஏறக்குறைய 2,200 அடி. பக்கத்திலேயே பிராட்லி ஃபோர்க் ஓடை. மின் இணைப்பு இல்லை, வண்டிக்குக் குழாய் இணைப்பும் இல்லை, குளியலறையும் கிடையாது. வெளியிலிருந்து நம் இஷ்டத்துக்கு விறகு கொண்டுவர முடியாது. ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் பூச்சிகள் விறகோடு பயணம் செய்வதால், வெப்பத்தில் பதப்படுத்திச் சான்று பெற்ற விறகைத்தான் கொண்டுவரலாம். சாப்பாடு, பாத்திரம், குப்பை எதையும் வெளியே விட்டுவைக்கக் கூடாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருங்கரடிகள் வாழும் காடு இது. திருநெல்வேலிக்காரன் ஆசையாகக் கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தைச் சார்லட்டிலேயே இறக்கிவைக்கச் சொல்லிவிட்டோம். அவன் கோபம் ஆறியது, முதல் நாள் ராத்திரி ரசம் கொதித்த பிறகுதான்.

மாலையில் ஓகோனலஃப்டி வயல்வெளிக்குப் போனோம். எல்க் என்னும் பெரிய மான் இனம் இந்தப் பகுதியில் வேட்டையாலும் காடழிப்பாலும் முற்றிலும் அற்றுப்போயிருந்தது. 2001இல் 25 எல்க்குகளைக் கொண்டுவந்து கட்டலூச்சி பள்ளத்தாக்கில் விட்டார்கள். இன்று அவற்றின் வழிவந்தவை சாலையோரத்தில் சர்வசாதாரணமாக மேய்கின்றன. 50 கெஜத்துக்குள் நெருங்குவது சட்டப்படி குற்றம். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து புல்லாங்குழல் மாதிரிக் கீச்சென்று குரல் எழும்புவதை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் ஆர்.வி.யை முகாமிலேயே விட்டுவிட்டு, கூடவே வந்த காரில் ஏறினோம். மலை பார்ப்பதற்கு ஆர்.வி. லாயக்கில்லை என்பது என் தீர்மானமான கருத்து. வளைவில் நகராது, காட்சி முனைகளில் நிறுத்த இடம் கிடைக்காது. தங்குவதற்குத்தான் அது. பின்னால் ஒரு கார் வராவிட்டால் வாடகைக் காசு பாதி வீண்.

நியூஃபவுண்ட் கேப் 5,046 அடி. 1940இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இங்கே நின்றுதான் இந்தப் பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கிருந்து ஏழு மைல் போய், அரை மைல் செங்குத்தாக நடந்தால் குவோஹி சிகரம், 6,643 அடி. நெடுங்காலம் கிளிங்மன்ஸ் டோம் என்று அழைக்கப்பட்ட சிகரத்துக்கு 2024இல்தான் செரோக்கி மக்களின் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. 1838இல் அவர்களில் பெரும்பாலோரை அரசு இங்கிருந்து மேற்கே விரட்டியது; தப்பியும் தங்கியும் நின்றவர்களின் வழித்தோன்றல்களே இன்று அடிவாரத்தில் இருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு, செரோக்கி ஊர்க் கடைகளில் விற்கும் இறகுக் கிரீட பொம்மைகளை ரசிக்க முடியவில்லை.

உச்சியில் இலையே இல்லை. பிர்ச் மொட்டையாக நின்றது. ஃப்ரேசர் ஃபிர் மரங்கள் பல சாம்பல் நிறக் கம்பங்களாகச் செத்து நின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சியின் வேலை. இறங்க இறங்கக் காலம் பின்னோக்கி ஓடியது. முதலில் மொட்டைக் கிளைகள், பிறகு பழுப்பு, பிறகு ஹிக்கரியின் பொன்மஞ்சள், கடைசியில் ஓடைக்கரையில் மேப்பிளின் சிவப்பு. மஞ்சள் கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருந்ததுதான். பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்து வரும்போது இலை அதைப் புதிதாக உண்டாக்குகிறது.

புறப்படும் நாளில்தான் உண்மையான பரீட்சை. ஆர்.வி.க்கு அடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள்: பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. முகாமின் கழிவு வடிகாலில் நாமேதான் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். அடுத்து வரும் பாத்திர நீர் குழாயைக் கழுவிவிடும். சீட்டுக் குலுக்கினோம். பெயர் வந்த சென்னைக்காரன் கையுறை மாட்டிக்கொண்டே, "ஊர்ல எங்க தெருவுல இதை யார் செஞ்சாங்கன்னு ஒருநாள்கூட நான் கேட்டதில்லடா" என்றான். யாரும் கிண்டல் செய்யவில்லை. கையுறையும் நீளமான குழாயும் இருந்தால் கால் மணி நேர வேலை. இதற்காக நம்மூரில் மனிதர்களைக் குழிக்குள் இறக்கிச் சாகவிடுவதை எந்தத் தொழில்நுட்பக் குறையும் நியாயப்படுத்தாது.

போக நினைப்பவர்களுக்கு: வார நாட்களில் போங்கள், வாரக்கடைசியில் 441இல் கார்கள் ஊர்ந்துதான் போகும். ஸ்மோக்மான்ட் முகாமுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. அக்டோபர் கடைசியில் இடம் வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசியிலேயே பதிவு செய்துவிடுங்கள்.